உட்கார்ந்த சாமியும் ஏழு குடம் தண்ணீரும்

எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்திலேயே ஒன்பதாம் வகுப்பில் பாதியில் எழுந்து வெளியே வந்தவன். பிறகு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இரண்டு வருஷம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கியது கொஞ்ச நாள், புனே போகும் லாரியில் கிளீனராகக் கொஞ்ச நாள். வேலை இல்லாதபோது நடப்பேன். நடந்து களைத்தால் படுக்க இடம் வேண்டுமே. எங்கள் பக்கத்திலும் மதுரைப் பக்கத்திலும் மொட்டைப் பாறைகளின் குகைகளில் யாரோ கல்லிலேயே படுக்கை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் நீளம், வழவழப்பு, தலைமாட்டில் மட்டும் சிறு மேடு. மழைத் தண்ணீர் உள்ளே வடியாமல் இருக்க மேலே பாறை நெற்றியில் ஒரு வரி வெட்டியிருக்கும். சமண முனிவர்கள் தங்கிய இடம் என்று சில இடங்களில் பலகை நிற்கும். எனக்கு அது கதவில்லாத அறை. எதில் எறும்பு, எதில் வௌவால், எதில் காலை வெயில் முகத்தில் அடிக்கும் என்று கேட்டால் சொல்வேன். சமணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் வாடகைக் கார் ஓட்டும் பாய் ஒருவர் எனக்கு லாரிக் காலத்துச் சிநேகிதர். ஓர் ஆடி மாதம் சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"ஏலே, சமணர் கோயிலெல்லாம் பாக்கணும்னு ஒரு பார்ட்டி வந்திருக்கு. நீதான் அந்தப் பாறைகள்ல உருண்டு கெடந்தவனாச்சே. நாளைக்கு வழி காட்ட வாரியா?"

"வாரேன்" என்றேன். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜ் வாசலில் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல். வெள்ளை வேட்டி, மெலிந்த உடம்பு. அந்த அம்மாவின் கையில் மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவும் தண்ணீர்ச் செம்பும் இருந்த பை. சமணர் என்றால் எனக்குக் கடைவீதிச் சேட்டுகள்தான் ஞாபகம். லாரியில் கற்ற இந்தி எதற்கு இருக்கிறது என்று, "ஆயியே, பைட்டியே" என்று கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, இந்தத் தம்பி இந்திக்காரராட்டம் இருக்கே. தமிழ் தெரிஞ்ச ஆள் யாராச்சும் கிடைப்பாங்களான்னு கேளுங்க."

பாய் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார்.

அவர்கள் வந்தவாசிப் பக்கத்தில் வேர்க்கடலை போடும் குடும்பம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சமணர்கள். மூன்று நாளாக மதுரைப் பக்கம் சமணர் மலை, அரிட்டாபட்டி, கீழவளவு என்று பார்த்து முடித்து, அன்றைக்கு ஐவர்மலைக்குப் போக வந்திருந்தார்கள். பழனிக்கு மேற்கே இருக்கிற மலை அது. பாறை நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கும். நேராகப் போயிருந்தால் பத்து மணிக்கு முன்பே அங்கே நின்றிருப்போம்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். "ஐவர்மலை எங்க போயிரப் போகுது? திண்டுக்கல் வரைக்கும் வந்துட்டுக் கோட்டையப் பாக்காமப் போவாங்களா?"

பெரியவர் வானத்தைப் பார்த்தார். "நேரம் ஆகாதா?"

"செத்த நேரந்தான்" என்றேன்.

கோட்டை வாசல் திறக்கக் காத்திருந்தோம். பிறகு பாறைப் படிகளில் ஏறினோம். ஆடிக் காற்று வேட்டியையும் சேலையையும் பிய்த்துக்கொண்டு போனது. மேலே நின்று பீரங்கி மேட்டையும் ஊரையும் சிறுமலையையும் கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். அவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். வயசு என்று நினைத்தேன். இறங்கி வந்து பாயும் நானும் இட்லி சாப்பிட்டோம். அவர்களைக் கூப்பிட்டபோது அந்த அம்மா, "நீங்க சாப்பிடுங்க, நாங்க வெளியில சாப்பிடறதில்ல" என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

கோட்டை எனக்குப் போதவில்லை. ஆட்களுக்கு இடத்தைக் காட்ட ஆரம்பித்தால் எனக்குக் கால் நிற்காது. மில் வேலையை விட்டு வந்த நாட்களில் நான் படுத்துக் கிடந்த பாறை ஒன்று குஜிலியம்பாறைப் பக்கம் இருக்கிறது. யாருக்கும் தெரியாத இடம், பலகைகூடக் கிடையாது, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். ஐவர்மலை மேற்கே, இது கிழக்கே.

பாய் என்னை முறைத்தார். பெரியவர் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டார். "அங்க சிலை இருக்கா தம்பி?"

"படுக்கை இருக்கு. சிலையும் ஒண்ணு இருந்த மாதிரித்தான் ஞாபகம்."

அப்படி எந்த ஞாபகமும் எனக்கு இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

வடமதுரை தாண்டி வறண்ட காட்டுக்குள் கார் ஓடியது. சோளத்தட்டை நின்ற நிலங்கள், வேலிக்கருவை, தூசி. பாறைக்கு அடியில் மண்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறினோம். ஐந்து படுக்கைகளும் அப்படியே இருந்தன. ஆட்டுப் புழுக்கை மட்டும் கூடியிருந்தது. பெரியவர் குனிந்து ஒரு படுக்கையை உள்ளங்கையால் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சிலை?"

பாறையைச் சுற்றி வந்தேன். மேலே ஏறிப் பார்த்தேன். புதருக்குள் நுழைந்து பார்த்தேன். எங்கும் இல்லை. "வேற பாறையோ என்னமோ" என்றேன். அவர் இறங்கத் தொடங்கினார்.

கீழே வண்டியைத் திருப்பும்போது கூரான கல் ஒன்று டயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்றில்லை. பாய் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. அந்த வழியாக வந்த பைக்கை நிறுத்தி, ஸ்டெப்னியை மடியில் வைத்துக்கொண்டு குஜிலியம்பாறைக்குப் போனார். வர மூன்று மணி நேரமானது. அதுவரை காத்திருக்க எனக்கு முடியவில்லை. காட்டுக்குள் நடந்தேன், ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தேன், ஆடு மேய்க்கிறவரிடம் பீடி கேட்டேன். திரும்பி வந்தபோது பாய் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். மணி நாலு. பின் சீட்டில் பெரியவர் சாய்ந்து கிடந்தார். நெற்றியில் வேர்வை, விரல்கள் நடுங்கின. அந்த அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து அவர் பச்சத் தண்ணி குடிக்கல தம்பி."

அந்த அம்மா மெதுவாக ஆரம்பித்தார், போகப் போகக் குரல் ஏறியது. "பகவான் முகம் பாக்காம வாயில எதுவும் வைக்கிறதில்லன்னு இந்தப் பயணத்துக்கு அவர் எடுத்துக்கிட்ட விரதம். தினம் காலையிலயே பாத்துடுவோம், பாத்த கையோட சாப்டுடுவார். பொழுது சாஞ்சா நாங்க எப்பவுமே சாப்பிட மாட்டோம். இன்னிக்குப் பாக்கலேன்னா இனிமே நாளைக்குத்தான். அவருக்குச் சர்க்கரை வேற இருக்கு."

"காலையிலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"விரதத்த ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாதுன்னு இவர் என் வாயக் கட்டி வெச்சிருக்கார். நீங்களும் அங்க சிலை இருக்கு, இங்க சிலை இருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க!"

பாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அய்யா, ஒரு மிட்டாய் வாயில போடுங்க. சாமி கோவிக்க மாட்டாரு."

அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "அவர் யார் மேலயும் கோவிக்கிறவர் இல்லீங்க. இது நான் சொன்ன சொல்லு."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். பாட்டில் ஏத்திட்டா சரியாப் போகும்."

"ஊசி வழியா போனாலும் சாப்பாடு சாப்பாடுதாங்க."

வானம் மூடிக் கிடந்ததால் பொழுது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பாய் செல்போனில் தொழுகை நேரம் காட்டும் ஆப்பைத் திறந்தார். "மஃரிபு ஆறு முப்பத்தெட்டு. அப்பத்தான் பொழுது எறங்கும். ஐவர்மலைக்கு இங்கருந்து போயி மலை ஏறுறதுக்குள்ள ஏழாயிரும்." என்னைப் பார்த்தார். "இப்பச் சொல்லுலே, ஒனக்கு வேற ஏதாச்சும் ஞாபகம் வருதா?"

எனக்கு நிஜமாகவே ஒன்று ஞாபகம் வந்தது. மில் பஸ்ஸில் வேடசந்தூருக்குப் போய்வந்த நாட்களில், ரோட்டை ஒட்டி ஒரு புளியமரத்தடியில் எண்ணெய் வழிய ஒரு கல் சாமி உட்கார்ந்திருக்கும். இடுப்பில் வேட்டி சுற்றியிருப்பார்கள். ஜன்னலோர சீட்டு கிடைத்த நாளெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் ஞாபகத்தை நானே நம்பத் தயாராக இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "எப்படி உக்காந்திருக்கும்?"

"சம்மணம் போட்டு. ரெண்டு கையும் மடியில, ஒண்ணு மேல ஒண்ணு."

"ஆயுதம்?"

"ஒண்ணும் கெடையாது."

"தலைக்கு மேல?"

யோசித்தேன். "தட்டு மாதிரி. மூணு தட்ட அடுக்கிக் கவுத்து வெச்ச மாதிரி."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முக்குடை" என்று மனைவியிடம் சொன்னார். "வண்டிய எடுக்கச் சொல்லு."

புளியமரங்கள் பல நின்றன, ரோடு அகலமாகியிருந்தது. இரண்டு இடத்தில் இறங்கி விசாரித்தேன். "உக்காந்த சாமியா? அங்கன இன்னைக்குக் கெடாவெட்டுல்ல, நேராப் போங்க" என்று பெட்டிக்கடையில் ஒரு பெண் சொன்னார். காருக்குள் வந்து கெடாவெட்டு என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு, "நேராத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. மரத்தடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நாற்பது ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறி வாசனை காரின் கண்ணாடியைத் தாண்டி வந்தது. ஒரு பக்கம் அருவாள் நட்ட கருப்பசாமி. அதற்கு முன்னால் மண் சிவந்து ஈரமாக இருந்தது. அதையடுத்து இரண்டு கல்தூணுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். உட்கார்ந்த சாமியைக் காணோம்.

இலைக்கு முன்னால் அமர்ந்திருந்த பூசாரியிடம் போய்க் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"சாமி தெரைக்குப் பின்னால இருக்கு" என்றார். "அது சுத்த சாமி, ரத்தம் பாக்காது. கருப்பனுக்கு வெட்டுறப்பத் தெரைய இழுத்து மறச்சிருவோம். எங்கய்யா காலத்துக்கு முந்தியே அப்பிடித்தான்."

"எப்ப எடுப்பீங்க?"

"பந்தி முடியணும். எலைய எடுத்து, எடத்த ஏழு கொடம் தண்ணி ஊத்திக் கழுவணும். நான் தலைக்குக் குளிச்சிட்டு வந்துதான் தெரையத் தொடணும். வெளக்கு வெக்கிற நேரமாகும்."

திரும்பினால் பெரியவர் காரை விட்டு இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரமண்ணைப் பார்த்துவிட்டார். அப்படியே காரில் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் திரை எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பார்வையைத் தரையில் வைத்தபடியே நடந்து பூசாரியிடம் வந்தார்.

"அவர் ரத்தம் பாக்க மாட்டார்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

"இதச் சொல்லணுமாக்கும்? பாத்தாலே தெரியுதே. கையில அருவாளா வெச்சிருக்காரு? கண்ணையும் பாதி மூடிக்கிட்டு அவரு பாட்டுக்கு உக்காந்திருக்காரு. அவரு முன்னால போயி வெட்டுக்குத்தக் காட்டலாமா?"

பெரியவர் திரைக்கு எதிரே, ஈரம் படாத இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த அம்மாதான் பூசாரிக்கு எதிரே போய் நின்றார். "அண்ணே, இவர் நேத்திலருந்து சாப்பிடல. உங்க சாமி முகத்தப் பாத்தாத்தான் சாப்பிடுவார். பொழுது போயிட்டா அப்பவும் சாப்பிட மாட்டார். சர்க்கரை இருக்கு. எப்படிப் படபடன்னு வருது பாருங்க. எனக்கு இவர ஊர் கொண்டு போய்ச் சேக்கணும்."

பூசாரி பிசைந்த சோற்றோடு பெரியவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "மொறன்னு ஒண்ணு இருக்குல்லம்மா. எடத்தக் கழுவாம தெரைய எடுக்க ஏலாது. பொம்பளையாளுக எல்லாம் பந்தியில நிக்கிறாக. மோட்டார் போடவும் இப்பக் கரண்டு கெடையாது. கெணத்துல எறங்கி மோந்துதான் தூக்கணும்."

"நாங்க தூக்குறோம்" என்றேன்.

"நீங்க என்ன ஆளுக?"

பாய் முந்திக்கொண்டார். "நான் பாய். இவன் வேதக்காரன், சர்ச்சுப் பக்கமே போறதில்ல. தண்ணிக்கு அதெல்லாம் தெரியவா போகுது?"

பந்தியில் சிரிப்பு எழுந்தது. பூசாரியும் சிரித்துவிட்டார். "மண்ணக் கழுவத்தானே. பந்தி அந்தப் பக்கம் நடக்கட்டும், ஊத்துங்கப்பா, ஏழு கொடம். கொறையக் கூடாது." பாதிச் சோறு இலையில் இருக்கவே இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவரும் குளிக்க அதே கிணற்றுக்குத்தான் வந்தார்.

கிணறு நூறடி தள்ளி இருந்தது. கல்படிகளில் அடியாழம் வரை இறங்க வேண்டும். நான் மோந்து படி ஏறி வர, பாய் மேலே வாங்கிக்கொண்டு ஓடினார். இரண்டாவது குடத்தில் என் முழங்கால் கல்லில் பட்டுத் தோல் உரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் குடத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

"மூணு!"

"ஏ பாய், தொழுகைக்குக் கூட இம்புட்டு வேகமா ஓடியிருக்க மாட்டீரு போல!"

"தொழுகைக்கு ஓடணும்னு அவசியமில்லண்ணே, நாங்க நேரத்தோட போயிருவோம்" என்று பாய் ஓடிக்கொண்டே சொன்னார்.

நாலாவது குடம் பாதி வழியில் பாய் கையிலிருந்து நழுவிக் கொட்டியது. "அது சேராது! அது சேராது!" என்று பந்தி முழுக்கக் கத்தியது. ஈரத் துண்டோடு வந்த பூசாரியும் சேராது என்றார். இன்னொரு தடவை இறங்கினேன். அந்த நேரத்தில் பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என் தலையில்தான் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. காலையில் வாயை மூடிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தால் அவர் இந்நேரம் சாப்பிட்டு முடித்து எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்.

ஏழாவது குடத்தை ஊற்றியபோது பந்தியிலிருந்து இரண்டு பெண்கள் துடைப்பத்தோடு எழுந்து வந்து, நாங்கள் ஊற்றிய தண்ணீரை வாய்க்காலுக்குத் தள்ளினார்கள். பூசாரி தூணில் கட்டிய முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். வேட்டி விழுந்தது.

மில் பஸ் ஜன்னலில் பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தது. எண்ணெய் குடித்துக் கறுத்த கல். மூக்கு தேய்ந்திருந்தது. தலைக்கு மேல் மூன்று குடையில் ஒன்று உடைந்திருந்தது. ஊர்க்காரர்கள் இடுப்பில் சுற்றிய வேட்டியும் நெற்றியில் வைத்த சந்தனமுமாக, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது.

பெரியவர் கை கூப்பினார். வாய் முணுமுணுத்தது. நிறுத்தவில்லை. பாய் என் காதருகில், "ஆறு பத்தொம்போது" என்றார். அந்த அம்மா டப்பாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெரியவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழ முடியாமல் நான் பிடித்துத் தூக்கினேன். மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும் என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் ஒரு மைல் போல இருந்தது.

"ஆறு இருபத்தாறு."

ஈரமில்லாத இடமாகத் தள்ளிப் போய் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். "கொடு" என்றார். முதலில் செம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு புளிச்சோறு. முதல் வாய் உள்ளே போனபோது அந்த அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மெதுவாச் சாப்பிடுங்கய்யா, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. நான் சொல்றேன்" என்று பாய் செல்போனைக் கையில் பிடித்தபடி நின்றார். ஏழு என்றார், ஐந்து என்றார். நடுவில் ஒரு வாழைப்பழம். ஆறு முப்பத்தைந்துக்கே அவர் போதும் என்று கை கழுவி வாய் கொப்பளித்துவிட்டார். நடுக்கம் குறைந்திருந்தது. வேர்வை காற்றில் காய்ந்திருந்தது.

பூசாரி வந்து பக்கத்தில் குந்தினார். "நாங்களும் காலங்காலமாக் கும்புடுறோம். உக்காந்த சாமிங்கிறதத் தவிர வேற பேரு தெரியாது. ஒங்களுக்கு இது என்ன சாமின்னு தெரியும் போலருக்கே?"

பெரியவர் திரும்பிச் சிலையைப் பார்த்தார். "நீங்க கூப்பிடற பேரே சரிதாங்க" என்றார்.

பூசாரி எங்களைச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். அவர்களால் முடியாது. பாய், "எங்க ஆளுக அறுத்தாத்தான் நான் திங்கிறது, தப்பா நெனைக்காதீங்க" என்றார். மிச்சம் நான். புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றபடியே ஓர் இலைக் கறிச்சோறு தின்றேன். பசித்தது.

கை, வாயெல்லாம் இரண்டு தடவை கழுவிவிட்டுக் காருக்கு வந்தேன். அந்த அம்மா டப்பாவை நீட்டினார். பெரியவர் உண்டது போக முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"நீங்க சாப்பிடலியாம்மா?"

"பொழுதுதான் போயிட்டுதே. ராத்திரி தாண்டின சோற நாங்க வெச்சுக்கிறதில்ல. வீணாக்காம நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. வெங்காயம், பூண்டு எதுவும் இருக்காது."

நான் கறி தின்றதைச் சொல்லவில்லை. அந்த அம்மாவும் அன்றைக்கு முழுப் பட்டினி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரதம் அவர் கணவருக்குத்தான், அவருக்கு இல்லை. பாயும் நானும் முன் சீட்டில் டப்பாவை நடுவில் வைத்துத் தின்று முடித்தோம்.

வண்டி கிளம்பியது. பெரியவர் பின்னால் தூங்கிப்போனார். அந்த அம்மா தூங்கவில்லை. ஒவ்வொரு ஊர் வரும்போதும் ஜன்னல் வழியாகப் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முன்னால் குனிந்து கேட்டார்: "தம்பி, இது எங்க போற ரோடு?"

"லாட்ஜுக்குத்தாம்மா."

"நேராவா?"

"நேராத்தான்."

அடுத்த பலகை வந்ததும் மறுபடியும் கேட்டார்.